மானின் மூக்குக்கு எட்டாமல்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஒரு பங்கு கனடாவில் குடியேறிய திருகோணமலைக்காரர்களிடமிருந்து வந்தவை. மீதி ஊருக்குள்ளிருந்தே வந்தன. கனடாவில் வெண்வால் மானை அனுமதி எடுத்து வேட்டையாடலாம். இங்கே புள்ளிமானைக் கல்லால் எறியவும் உரிமை இல்லை. ஆனாலும் இரண்டு பக்கத்தாரும் கேட்பது ஒன்றுதான்: இந்த விலங்கு எதைப் பார்த்து, எதை மணந்து, எதற்காக நிற்கிறது, எதற்காக ஓடுகிறது? அதனால் கடிதங்களைப் பிரிக்காமல் கலந்தே பதில் தருகிறோம்.

கேள்வி: உவர்மலையில் பிறந்தவன், இப்போது ஒன்ராறியோவில் இருக்கிறேன். வேட்டைப் பயிற்சி முடித்து, துவக்கு அனுமதியும் எடுத்து, நவம்பரில் முதல் தடவையாக மான் வேட்டைக்குப் போனேன். மூன்று நாளும் ஒரே பரணில் அசையாமல் இருந்தேன். கண்டதெல்லாம் தூக்கிய வெள்ளை வால்கள்தான். என்ன பிழை விட்டேன்? (ரொறன்ரோ வாசகர்)

பதில்: வால் தூக்கிய மான் உங்களை அறிந்துவிட்ட மான். ‘உன்னைக் கண்டுகொண்டேன், இனித் துரத்திப் பயனில்லை’ என்று எதிரிக்குச் சொல்லும் அடையாளம் அது. நீங்கள் அசையாமல் இருந்தது நல்லது. ஆனால் ‘மூன்று நாளும் ஒரே பரணில்’ என்று எழுதியிருக்கிறீர்களே, பிழை அங்கேதான்.

வெண்வால் மான் கண்ணால் கண்டதை இரண்டாம் முறை பார்க்கும். தலையைத் தாழ்த்தி மேய்வதுபோல் பாசாங்கு செய்து, சட்டென்று நிமிர்ந்து சரிபார்க்கும். காதால் கேட்டதற்கு நின்று, முன்காலை நிலத்தில் தட்டி, நீங்கள் அசைகிறீர்களா என்று பார்க்கும். மூக்குச் சொன்னதை மட்டும் அது சரிபார்ப்பதில்லை. மனித மணம் எட்டிய கணமே போய்விடும். ஆகவே முதலில் படிக்க வேண்டியது காற்றை.

டச்சுக் குடாவில் வலை வைப்பவர்களுக்கு இது புதிதல்ல. இரவில் காற்று கரையிலிருந்து கடலுக்கு, வெயில் ஏறினால் கடலிலிருந்து கரைக்கு. தரை விரைவில் சூடாகி விரைவில் குளிர்வதால் வரும் மாற்றம் அது. கடலில்லாத காட்டில் இதே வேலை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் நடக்கிறது. மாலையில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தை நோக்கி வழியும். காலையில் வெயில் பட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் போனதும் மேட்டை நோக்கி ஏறத் தொடங்கும். மாலையில் மான் வரும் பாதைக்கு மேலே இருந்தால் உங்கள் மணம் அதன் மேல் வழியும், கீழே இருங்கள். காலையில் வெயில் ஏறிய பின் இதற்கு மறுதலை. வானிலைச் செய்தி சொல்லும் திசை மரங்களுக்கு மேலே உள்ள காற்றின் திசை. உங்கள் மூக்கின் உயரத்தில் அது வேறாக இருக்கும்.

அதை அறிய மணமில்லாத பவுடரைச் சிறு போத்தலில் அடைத்து அமுக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. அதைவிட நல்லது, அங்கே வயலோரம் வளரும், நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் (milkweed) பஞ்சு. பவுடர் இரண்டு யாரில் (கெஜத்தில்) கரைந்துபோகும். பஞ்சு இழையோ ஐம்பது யார் வரை மிதந்து, காற்று எங்கே திரும்புகிறது, எங்கே சுழன்று இறங்குகிறது என்று காட்டிக் கொடுக்கும். எருக்கம் பஞ்சை ஊதி விளையாடிய கைகளுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி அந்த மூன்று நாட்கள். பரணுக்குப் போகும் வழியில் நீங்கள் தொட்ட கிளையும் மிதித்த புல்லும் நீங்கள் போன பிறகும் மணக்கும். முதல் நாள் இரவு அவ்வழி வந்த மான் அதை மணந்து, மறுநாள் சுற்றிப் போயிருக்கும். இரண்டு, மூன்று இடங்களைத் தெரிவு செய்து வையுங்கள்; ஒன்று மேல்காற்றுக்கு, ஒன்று வடகாற்றுக்கு என்று. காற்றுப் பொருந்தாத நாளில் நல்ல இடத்தை விட்டுவிடுங்கள். மான் நடக்கும் தடத்தைக் குறுக்கே வெட்டாமல் போங்கள். றப்பர் சப்பாத்து தோல் சப்பாத்தைவிடக் குறைவாக மணம் விடும். உடுப்பை மணமில்லாத சோப்பில் துவையுங்கள். வெண்மை கூட்டும் சலவைத்தூள் வேண்டாம். அதிலுள்ள பொருள் புற ஊதா ஒளியில் மின்னும், மானின் கண்ணுக்கு அது நம் கண்ணைவிட நன்றாகத் தெரியும்.

நிறத்தைப் பற்றி வீண் பயம் வேண்டாம். துவக்கு வேட்டைக் காலத்தில் ஒன்ராறியோச் சட்டப்படி இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் செம்மஞ்சள் உடுப்பும் அதே நிறத் தொப்பியும் கட்டாயம். மானுக்கு நிறமறியும் கலங்கள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. செம்மஞ்சள் அதற்கு மங்கிய காய்ந்த இலை நிறமாகத் தெரியும். நீலம்தான் பளிச்சென்று தெரியும். ஆகவே நீல ஜீன்ஸை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

பரணில் ஏறினால் உடல் முழுவதும் அணியும் பாதுகாப்புப் பட்டியைத் தரையிலேயே மாட்டுங்கள். விழுகிறவர்கள் அநேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். துவக்கை ரவை எடுத்த நிலையில் கயிற்றால் மேலே இழுங்கள். தோளில் மாட்டி ஏறவே கூடாது.

கேள்வி: மரத்தில் தோல் உரிந்த இடம், நிலத்தில் கீறிய இடம் எல்லாம் காண்கிறேன். அதை வைத்து மான் எப்போது வரும் என்று சொல்ல முடியுமா? (மார்க்கம் வாசகர்)

பதில்: நாளைச் சொல்ல முடியாது. பருவத்தைச் சொல்லலாம். செப்டெம்பரில் கொம்பின் மேல்தோல் உரியும்போது கலைமான் (ஆண் மான்) இளமரத்தில் கொம்பைத் தேய்க்கும். ஒக்டோபர் கடைசியில் தாழ்ந்த கிளையொன்றின் கீழே நிலத்தைக் கீறி, அதில் சிறுநீர் விட்டு, மேலேயுள்ள கிளையை வாயாலும் முகத்தாலும் தடவி மணம் வைக்கும். கீறிய மண்ணைவிட அந்தக் கிளைதான் முக்கியம். கிளையில்லாத இடத்தில் கீறல் நிலைப்பதில்லை. இந்தக் கீறல்களுக்கு மான் பெரும்பாலும் இரவில் வருவதால், அவற்றின் மேல் பரண் கட்டி ஏமாறுகிறவர்கள் அதிகம். கீறல்களை ஒரு கோடாக இணைத்து, பிணைமான்கள் (பெண் மான்கள்) பகலில் படுக்கும் அடர்ந்த பற்றை எங்கே என்று கண்டுபிடியுங்கள். நவம்பர் நடுப்பகுதியில் கலைகள் அந்தப் பற்றைகளைத் தாண்டிக் காற்று வீசிப் போகும் பக்கமாக நடந்து மணம் பிடிக்கும். அப்போது நடுப்பகலிலும் அவை நடமாடும். ஆகவே பத்து மணிக்கே இறங்கிச் சாப்பிடப் போகாதீர்கள்.

பிணை வேட்கையில் இருப்பது ஏறக்குறைய ஒரு நாள். சேராவிட்டால் சுமார் 28 நாளில் மறுபடி வரும். டிசம்பரிலும் சில கலைகள் அலைவது அதனால்தான். இதையெல்லாம் நடத்துவது பகல் குறுகுவது, குளிர் அல்ல. குளிர் நாளில் மான் பகலில் கூடுதலாக அசையும், அவ்வளவுதான்.

கேள்வி: வெடி பட்ட மானை இருட்டில் தேடித் தொலைத்துவிட்டேன். மனம் ஆறவில்லை. எங்கே குறி வைத்திருக்க வேண்டும், பிறகு என்ன செய்திருக்க வேண்டும்? இறைச்சியை எப்படிப் பக்குவப்படுத்துவது? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: வருந்துவது சரியே. காயப்பட்ட மானைத் தொலைப்பது வேட்டையில் நடக்கக்கூடிய மிகக் கெட்ட காரியம். பெரும்பாலும் அது அவசரத்தால் நடக்கிறது.

குறி: மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்கோட்டை மேலே நீட்டுங்கள். அடிவயிற்றிலிருந்து உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே வாருங்கள். நுரையீரலும் இதயத்தின் மேற்பகுதியும் அங்கே சுமார் 20 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் இருக்கும். தலை அப்பால் திரும்பி, பின்பக்கம் சற்று உங்களை நோக்கி நின்றால், மறுபக்க முன்னங்காலை மனதில் வைத்து அதை நோக்கிச் சுடுங்கள். நேருக்கு நேர் நிற்கும் மானையும், ஓடும் மானையும் விட்டுவிடுங்கள். தலையும் வேண்டாம், தாடை உடைந்த மான் பட்டினியால் நாட்கணக்கில் சாகும். சாப்பாட்டுக் கோப்பை அளவு அட்டையொன்றை வைத்துப் பயிற்சி செய்யுங்கள். உட்கார்ந்தபடி, மூச்சு வாங்கும் நிலையில், ஒரு ரவையும் வெளியே போகாத தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம். துவக்கின் பெட்டியில் எழுதியிருப்பது துவக்கின் தூரம்.

சுட்டவுடன் மறு ரவை ஏற்றி மானையே பாருங்கள். பின்னங்காலை உதைத்துப் பாய்ந்தால் நெஞ்சில் பட்டிருக்கலாம். முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்தால் வயிற்றில் பட்டிருக்கும். கடைசியாக மறைந்த இடத்தை ஒரு மரத்தோடு சேர்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு பட்ட இடத்தில் இரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாகக் குமிழி இருந்தால் நுரையீரல்; அரை மணி நேரம் பொறுத்துப் போகலாம். கரும்சிவப்பென்றால் ஈரல், மூன்று, நான்கு மணி நேரம் விடுங்கள். பச்சையோ மண்ணிறமோ கலந்து நாறினால் வயிறு; எட்டு மணி நேரமாவது விடவேண்டும். மாலையில் பட்டிருந்தால் விடியும்வரை. இதில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். வயிற்றில் பட்ட மான் துரத்தாவிட்டால் இருநூறு யாருக்குள் படுத்துவிடும். அரை மணியில் போய் எழுப்பினால் ஒரு மைல் போகும், இரத்தமும் சிந்தாது. கடும் மழை வந்தாலோ, கொயோட்டி ஓநாய்கள் உள்ள இடமென்றாலோ மட்டும் இந்த நேரத்தைக் குறைக்க வேண்டிவரும்.

தடம் பார்க்கும்போது தடத்தின் மேல் நடக்காமல் பக்கமாக நடவுங்கள். ஒவ்வொரு துளிக்கும் ஒரு துண்டுக் கடதாசியைக் கிளையில் செருகுங்கள். துளி நின்றுவிட்டால் திரும்பிப் பாருங்கள். கடதாசிகளின் வரிசையே மான் போன திசையைச் சொல்லும். இலையின் அடியிலும், மானின் வயிற்று உயரத்தில் புல்லின் பக்கங்களிலும் பாருங்கள்.

மானைக் கண்டதும் தலைப்பக்கமாகப் போகாமல் பின்னாலிருந்து வந்து, நீண்ட தடியால் கண்ணைத் தொடுங்கள். இமைக்காவிட்டால் உயிரில்லை. அந்த இடத்திலேயே அனுமதிச் சீட்டைக் குறியிட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மல்லாக்கக் கிடத்தி, நெஞ்செலும்பின் கீழே சிறு வெட்டுப் போட்டு, இரண்டு விரலால் தோலை மேலே தூக்கி, கத்தியின் கூர் வானம் பார்க்கப் பிடித்து இடுப்பெலும்பு வரை திறவுங்கள். கூர் கீழே பார்த்தால் இரைப்பையை வெட்டிவிடும். அந்தச் சாறு பட்ட இறைச்சியைக் கழுவுவதைவிடச் சீவி எறிவது நல்லது. சிறுநீர்ப்பையை விரலால் பிடித்து அடைத்தபடி எடுங்கள். நெஞ்சறையைப் பிரிக்கும் மெல்லிய தசையைச் சுற்றி வெட்டி, கையை உள்ளே விட்டு மூச்சுக்குழாயை அறுத்து இழுத்தால் எல்லாம் ஒன்றாக வரும். பிறகு நெஞ்சை ஒரு குச்சியால் அகட்டி வையுங்கள். இறைச்சியைக் கெடுப்பது சூடு. அன்றிரவே 4 பாகை செல்சியசுக்குக் கீழே கொண்டுவாருங்கள். 0 முதல் 4 பாகைக்குள் சில நாள் தொங்கவிட்டால் தசை மென்மையாகும்.

மானின் கொழுப்பு மெழுகு போல நாக்கில் ஒட்டும். காட்டு வாடை என்று சொல்வதில் பாதி அந்தக் கொழுப்புத்தான். முழுவதும் சீவி எடுங்கள். முதுகுத் தசையைக் கறியாக்க வேண்டாம். தாச்சியில் சில நிமிடம் பிரட்டி எடுத்தால் போதும், கூட வெந்தால் சக்கையாகிவிடும். தோளும் காலும்தான் நம் கறிக்கு. வறுத்து அரைத்த மிளகும் மல்லியும் கூட்டி, மெல்லிய நெருப்பில் இரண்டரை மணி நேரம் விடுங்கள். நெஞ்சுக் காயத்தைச் சுற்றிய இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். ஈய ரவை உடைந்து கண்ணுக்குத் தெரியாத துகளாகப் பரவும். வீட்டில் பிள்ளைகளோ கர்ப்பிணிகளோ இருந்தால் செப்பு ரவைக்கு மாறுங்கள்.

ஒரு நோயையும் அறிந்திருங்கள். மான்களின் மூளையைத் தாக்கி உடலை உருக்கும், CWD எனப்படும் அந்த நோய் 1967இல் கொலராடோவில் முதலில் காணப்பட்டது. காரணம் கிருமியல்ல, உருமாறிய ஒரு புரதம், சமைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் மெலிந்து, எச்சில் ஒழுகி, தள்ளாடும் மானைச் சுடவேண்டாம், அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். நோயுள்ள பகுதியில் சுட்ட மானைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை உண்ணாதீர்கள். எந்த மானிலும் மூளை, முள்ளந்தண்டு வடம், கண், மண்ணீரல், நிணநீர்க் கட்டிகள் ஆகியவற்றை ஒதுக்குங்கள். வேலை முழுவதும் கையுறை வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் சுடலாம் என்றால் இங்கே மட்டும் ஏன் கூடாது? தாத்தா காலத்தில் நாய் விட்டுப் பிடித்தவர்கள்தானே. இப்போதும் மான் வத்தல் இரகசியமாக வருகிறது. (கந்தளாய் வாசகர்)

பதில்: 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் புள்ளிமானைக் காக்கிறது. சுடுவதும், சுருக்கு வைப்பதும், கட்டுத்துவக்குக் கட்டுவதும் குற்றம். இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம்தான். வத்தலை ஆசைக்கு வாங்குகிறவர்தான் அடுத்த சுருக்குக்குக் காசு கொடுக்கிறார். சுருக்கு மானுக்கென்று தெரிந்து இறுகுவதில்லை. மரை, சிறுத்தை, மேயப்போன மாடு, எது கழுத்தை விட்டாலும் இறுகும்.

உங்கள் ‘ஏன்’ நேர்மையான கேள்வி. வட அமெரிக்காவிலும் ஒருகாலம் கட்டுப்பாடில்லாமல் சுட்டுத் தள்ளினார்கள். 1900ஆம் ஆண்டளவில் கண்டம் முழுவதும் 5 இலட்சத்துக்கும் குறைவான வெண்வால் மான்களே எஞ்சியதாக மதிப்பிடுகிறார்கள். இறைச்சி விற்பனையைத் தடுத்து, பருவமும் எண்ணிக்கையும் வகுத்து, இன்று அது சுமார் 3 கோடி. நம் சட்டம் வந்த அதே 1937இல் அமெரிக்கா துவக்கு, ரவை மீதான வரியை வனவிலங்குக்கு ஒதுக்கும் சட்டம் கொண்டுவந்தது. அங்கே வேட்டை அந்தக் கணக்கின் மேல் நிற்கிறது.

இன்னொரு காரணம் மானின் உடம்பிலேயே இருக்கிறது. வெண்வால் மான் நவம்பரில் சேர்ந்து, சுமார் 200 நாள் சுமந்து, மே கடைசியிலும் ஜூனிலும் ஈனும். இலையுதிர் காலத்தில் சுட்டால் பால்குடிக் குட்டி அநாதையாவதில்லை. புள்ளிமானுக்கு அப்படி ஒரே பருவம் இல்லை. ஏறக்குறைய ஏழரை மாதம் சுமந்து, வருடத்தின் எந்த மாதத்திலும் ஈனும். எந்த நாள் சுட்டாலும் ஒரு சினைப் பிணையோ பால் கொடுக்கும் தாயோ சாகலாம். சுடத் தகுந்த மாதம் என்று நம் காட்டில் ஒன்றைக் குறிக்கவே முடியாது.

கேள்வி: கோணேசர் கோவிலுக்குப் போகும்போது கோட்டைக்குள் மான்களுக்குப் பிள்ளைகள் வாழைப்பழமும் சோறும் கொடுக்கிறார்கள். புண்ணியம்தானே? சிலர் கூடாது என்கிறார்கள். (திருகோணமலை வாசகி)

பதில்: அன்போடு செய்வதுதான். ஆனால் சோறும் பாணும் மானுக்கு நஞ்சுக்குப் பக்கத்தில் நிற்பவை.

மானின் வயிறு நான்கு அறை கொண்டது. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரை மெல்ல மெல்லப் புளிக்கவைத்து உணவாக்கும். மான் அதை இரைமீட்டு மறுபடி மெல்லும். அந்த அறைக்கு ஒரே தடவையில் சோறு, பாண், பூந்தி, புக்கை போய்ச் சேர்ந்தால் மாவைத் தின்னும் வேறு நுண்ணுயிர்கள் பெருகி அமிலம் கட்டும். வயிறு ஊதும், கழியும், குளம்பின் உள்ளே வீங்கி நொண்டும். அதிகமானால் ஓரிரு நாளில் சாகும். பொங்கல் நாள், திருவிழா நாள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கொடுக்கும்போதுதான் இது கூடும். ஒரு பிள்ளை கொடுப்பது ஒரு பிடி. நூறு பிள்ளை கொடுத்தால் ஒரு மூடை.

பொலித்தீன் இதைவிடக் கொடியது. மானுக்கு மேல் முன்பல் கிடையாது. நாக்காலும் உதட்டாலும் பற்றி இழுத்து விழுங்கும். சோற்றையும் அதைச் சுற்றிய லன்ச் சீற்றையும் பிரித்தெடுக்க அதற்கு வழியில்லை. உள்ளே போனது நூலும் பையும் சேர்ந்து உருண்டையாகி, அடுத்த அறைக்கான வாயை அடைக்கும். வயிறு நிறைந்தது போல இருக்கும், மான் மெலிந்துகொண்டே போகும். முடி சிலிர்த்து, இடுப்பெலும்பு தெரிய நகரத்தில் நிற்கும் மான்களைப் பார்த்திருப்பீர்கள். புல் இல்லாமல் மட்டும் அவை மெலிவதில்லை.

செய்யக்கூடியவை உண்டு. கடற்கரையில் சாப்பிட்டால் லன்ச் சீற்றை வீட்டுக்கே கொண்டு போங்கள். கடைக்காரர்கள் எச்சிலை மூடியுள்ள, மான் கவிழ்க்க முடியாத வாளியில் போடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் வெயில் மாதங்களில் மானுக்கு உணவைவிடத் தண்ணீர்தான் பெரிய தேவை. முற்றத்தில் ஓரடி உயரச் சீமெந்துத் தொட்டி வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை முழுவதும் ஊற்றிக் கழுவி நிரப்புங்கள். ஒரு கிழமை விட்டால் நுளம்பு பெருகும். பிள்ளைக்குக் கொடுக்கத்தான் ஆசையென்றால் ஒரு கைப்பிடி பச்சைப் புல்லோ பலா இலையோ போதும். கையில் நீட்டாமல் நிலத்தில் போடச் சொல்லுங்கள். கொம்பின் தோல் உரிந்து, கழுத்துத் தடித்து, அடிக்கடி குரலெடுக்கும் கலைமானுக்கு ஐந்து மீற்றர் இடம் விடுங்கள். மனிதரைக் கண்டு பயமற்றுப்போன கலைதான், பயந்த கலையைவிட ஆபத்தானது.

கேள்வி: உட்துறைமுக வீதிப் பக்கம் பற்றைக்குள் ஒரு குட்டி தனியாகப் படுத்துக் கிடந்தது. நாய்க்குப் பயந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பால் குடிக்க மாட்டேன் என்கிறது. (வாசகி)

பதில்: அம்மா, உடனே எடுத்த இடத்துக்கே கொண்டுபோய் வையுங்கள். ஒரு நாள் கடந்திருந்தாலும் முயலலாம். பிறந்த முதல் நாட்களில் குட்டி ஒளிந்து படுப்பதுதான் இயல்பு; தாய் தள்ளி மேய்ந்து, பால் கொடுக்க மட்டும் வரும். குட்டியில் மணம் குறைவு. தாய் பக்கத்திலேயே நின்றால் அதன் மணத்துக்கு நாய் வரும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. ஆனால் நீங்கள் அங்கேயே நின்று பார்த்தால் தாய் வராது. வைத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத தூரம் போங்கள், நாயை மட்டும் அப்புறப்படுத்துங்கள்.

தாய் வீதியில் அடிபட்டுக் கிடந்தாலோ, குட்டியில் கடிகாயம் இருந்தாலோ, ஈ மொய்த்தாலோ, மணிக்கணக்கில் கத்தியபடி அலைந்தாலோ நிலைமை வேறு. அப்போது துளையிட்ட கடதாசிப் பெட்டியில் துணி விரித்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைத்து வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்தை அழையுங்கள். பசுப்பால் பருக்கவேண்டாம், வயிற்றாலே போய் இறந்துவிடும். படுத்தபடி புட்டியில் ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும். வீட்டில் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். கலைக் குட்டியாக இருந்தால் வளர்ந்தபின் வளர்த்தவரையே குத்தும்.

கேள்வி: உப்புவெளியில் கீரைப் பாத்தியும் பயற்றங்கொடியும் ஒரே இரவில் காலி. பழைய மீன்வலை கட்டினோம், அதில் ஒரு கலை கொம்பு மாட்டி இறந்துவிட்டது. வேறு வழி? (வாசகர்)

பதில்: மீன்வலை மானுக்குத் தூக்குக் கயிறு. மெல்லிய நைலோன் இருட்டில் தெரியாது. கொம்பு நுழைந்தால் தலையை ஆட்ட ஆட்டச் சுற்றும். மற்ற வீடுகளிலும் கட்டியிருந்தால் தயவுசெய்து கழற்றச் சொல்லுங்கள்.

விறைப்பான கம்பிவலை, ஆறடி உயரம், கண் இரண்டங்குலம். அடியை நிலத்தோடு ஆப்படித்து இறுக்குங்கள். புள்ளிமான் தாண்டுவதற்கு முன் புகுந்து போகத்தான் பார்க்கும். கனடாவில் வெண்வால் மானுக்கு எட்டடி வேலி வேண்டும். ஆறடிக்குச் செலவு கூடும் என்றால் பாத்திகளைக் குறுக்கிச் சுருக்கமாக அடையுங்கள். இறங்க இடமில்லாத ஒடுங்கிய அடைப்புக்குள் மான் பாய விரும்பாது. கிடுகு வேலியும் நல்லதே, மறுபக்கம் தெரியாத இடத்துக்கு அது தாண்டாது. வேலியோரம் ஆடாதோடை, கற்றாழை, நொச்சி நடுங்கள். ஆடு தொடாத இலை என்று பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள், மானும் அதை ஒதுக்கும். ஆனால் கடும் கோடையில் பசித்த மான் எதையும் கடித்துப் பார்க்கும். ஆகவே செடியை மட்டும் நம்பாதீர்கள்.

மான் எதிலாவது சிக்கினால் முதலில் ஆட்களையும் நாய்களையும் விலக்குங்கள். பெரிய சாக்கையோ சாரத்தையோ தலைமேல் போட்டுக் கண்ணை மூடுங்கள், இருட்டானதும் அடங்கும். கத்திப் பேசாதீர்கள், தடவிக் கொடுக்காதீர்கள். நாய் துரத்தியோ, கட்டுப்பட்டுத் திமிறியோ களைத்த மானின் தசை உள்ளுக்குள் சிதைந்து, அந்த நஞ்சு சிறுநீரகத்தையும் இதயத்தையும் அடிக்கும். விடுவித்ததும் ஓடிப்போய், மறுநாள் எங்கோ பற்றைக்குள் செத்துக் கிடப்பது இதனால்தான். ஆகவே நேரம்தான் மருந்து. திணைக்களத்தார் வரும்வரை மூடி வையுங்கள். தாமதமாகுமென்றால் மானைப் பிடித்து இழுக்காமல், வலையைக் கொம்புக்கு அருகே வெட்டுங்கள்.

கேள்வி: விழுந்த கொம்பு ஒன்று கிடைத்தது. மானை யாரோ அடித்தார்களோ? (பாடசாலை மாணவன், திருகோணமலை)

பதில்: இல்லைத் தம்பி. மாட்டுக் கொம்பு போல அது நிலையானதல்ல. முழு எலும்பு, வருடந்தோறும் விழுந்து புதிதாக முளைக்கும். அடிப்பகுதி குவிந்து சொரசொரப்பாக இருந்தால் தானாக விழுந்தது. மண்டையோட்டின் துண்டு ஒட்டியிருந்தால் வேறு கதை. வெண்வால் மான்கள் குளிர்காலத்தில் ஏறக்குறைய ஒன்றாகக் கொம்பு உதிர்க்கும். நம் மான்கள் ஆளுக்கொரு மாதத்தில் உதிர்ப்பதால், ஒரே கூட்டத்தில் கொம்பில்லாத கலையும், மெத்தென்ற தோல் மூடிய கொம்பும், முற்றிய கொம்பும் ஒன்றாக நிற்கக் காணலாம். கொம்பை வீட்டுக்குக் கொண்டுபோக முன் திணைக்களத்தைக் கேட்டுவிடு.

கேள்வி: கலைமான் பின்னங்காலில் எழுந்து நின்று கிளையோடு தலையை உரசுவது ஏன்? இலை தின்னவா? (மூதூர் வாசகர்)

பதில்: சிலவேளை இலைக்காகவும் எழும். ஆனால் முகத்தைக் கிளையில் தேய்த்துவிட்டு இலையைத் தொடாமல் இறங்கினால், கண்ணுக்கு முன்னுள்ள சுரப்பியின் மணத்தை வைத்துவிட்டுப் போகிறது என்று கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் கீறலுக்கு மேலே உள்ள கிளையில் வெண்வால் மான் செய்வதும் இதே வேலை. அடுத்த முறை அந்தக் கலை போனபின், மற்றக் கலைகள் அந்தக் கிளைக்கு வந்து மணக்கின்றனவா என்று பாருங்கள். காற்று உங்கள் பக்கமிருந்து கிளைக்குப் போகாத இடத்தில் நில்லுங்கள்.